பாதி டேங்க்

இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று, ஆலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பேக்கிங் அக்கா தன் மருமகளைப் பற்றிய ஒரு ரகசியத்தைப் பக்கத்தில் இருந்தவளின் காதில் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் இன்ஜின் நின்றது. மீதி ரகசியம் படகு முழுவதற்கும் கேட்டுவிட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அது ஏன் இவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று பிறகுதான் ஒவ்வொருவருக்கும் உறைத்தது. சிரிப்பு நின்றது. தண்ணீர் படகின் இரும்பு வயிற்றில் பளார் பளாரென்று அறைகிற சத்தம் மட்டும்தான்.

"மறுபடியுமா?" என்றாள் பேக்கிங் அக்கா.

படகுக்காரர் அதற்குள் குனிந்துவிட்டார். இன்ஜின் பெட்டியின் மூடியைத் தூக்கி, ஃபில்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்க அமுக்க, ஃபில்டரின் தலையில் தளர்த்திவிட்ட திருகாணி வழியே டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. நுரை அடங்கி வெறும் டீசலாக வரும்வரை அமுக்க வேண்டும். அதுவரை ஆறு காத்திருக்காது. படகு பக்கவாட்டில் திரும்பி, கீழே ரயில் பாலத்தின் தூண்களைப் பார்த்து நகரத் தொடங்கியிருந்தது. ஆம்பளைகள் இரண்டு பேர் நீளக் கழியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்கள். தூண் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பாசி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இன்ஜின் ஒரு இருமல் இருமிப் பிடித்துக்கொண்டது.

கரையில் இறங்கும்போது வழக்கமாக "வர்றோம்ணே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அன்று சொல்லவில்லை.

ஆற்றின் இந்தக் கரையில் வீடுகள். அந்தக் கரையில் காகித ஆலை. பாலம் ரயிலுக்கு மட்டும்தான். பஸ்ஸில் போனால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் படகுதான். படகு, துறையைக் குத்தகைக்கு எடுத்தவருக்குச் சொந்தம். அவரைத் துறைக்காரர் என்பார்கள். பழைய லாரி ஒன்றின் டீசல் இன்ஜினைப் பிடுங்கி அதில் வைத்திருந்தார். ஸ்டார்ட் பண்ணுகிற சாவிகூட அந்த லாரியின் சாவிதான். படகை ஓட்டுகிறவர்தான் படகுக்காரர். பேச்சு குறைவு, கை சுத்தம். மழைக்காலத்தில் ஆறு பழுப்பாகப் பொங்கி வரும்போதும் பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி படகைக் கரையில் அணைப்பார்.

ஒரு காலத்தில் குடித்தார். சாதாரணக் குடி இல்லை. படகுத்துறைப் படிக்கட்டில் விடிய விடியக் கிடந்த குடி. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் ஒரு நாள் விட்டார், விட்டது விட்டதுதான். மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு ஊருக்கே போய்விட்டாள். ஆனால் குடித்த ஆளைப் பற்றி ஊர் ஒரு ஓரத்தில் எடுத்து வைத்திருக்கும் நினைப்பு அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போவதில்லை.

படகு நின்றதெல்லாம் மத்தியானத்துக்கு மேல்தான். காலையில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அந்தக் கரையில் அரை மணி நேரம் சும்மா இருப்பார். அந்தக் கரையில் படகுத்துறைக்கு எதிரே என்ன இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பச்சை வண்ணம் அடித்த கம்பிக் கதவும், அதற்குப் பின்னால் அடுக்கின பாட்டில்களும். ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்தது. விடை சுலபமாக வந்தது.

*

மெக்கானிக், படகுக்காரரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். லாரி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பட்டறை. உடம்பு பெருத்த மனிதர்; உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு தரம் யோசிப்பார். துறைக்காரர் சொல்லி அனுப்பி இரண்டு முறை வந்து பார்த்தார். இரண்டு முறையும் வந்ததும் முதல் வேலையாக, "டேங்கை ரொப்புங்கப்பா. காலி டேங்கை வெச்சுக்கிட்டு எங்கிட்ட எதுவும் பேசாதீங்க" என்பார். அது அவர் பட்டறை வழக்கம். டீசல் அடியில் கிடக்கும்போது கசடு கலங்கிவரும். அது வேறு ஒரு குழப்பம். அந்தக் குழப்பமே வேண்டாம் என்று ரொப்பச் சொல்வார். பிறகு ஃபில்டரை மாற்றினார். டேங்கின் அடித் திருகைத் திறந்து, வருகிற டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். தண்ணீர் இல்லை. டேங்க் மூடியின் மூச்சுத் துளையில் கம்பி விட்டுப் பார்த்தார். அடைப்பு இல்லை. டீசல் ஓடும் ரப்பர் ஓஸைக் கையால் உருவிப் பார்த்தார். பம்பைக் கழற்றி மாட்டினார். துறையில் கட்டிப்போட்டபடியே இன்ஜினை ஓட்டவிட்டு, இரண்டு டீ குடித்தார். இன்ஜின் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

"மச்சான், இப்ப நிக்காது. நடு ஆத்துல, காத்து ஏறினப்புறம்தான் நிக்குது" என்றார் படகுக்காரர்.

"இன்ஜினுக்குக் கரை எது, நடு ஆறு எதுன்னு தெரியுமா மாப்ளே?"

"வந்து பாருங்க. ஒரு தடவை கூட வாங்க."

"எனக்கு நீச்சல் தெரியாது. இந்த உடம்பை யார் இழுத்துப் போடுவா?" என்று சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார். சிரிப்பு முடிந்ததும் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் துறைக்கு மேலே, தெரு முக்கில் இருந்த வீட்டு வாசலிலேயே தையல் மிஷினைப் போட்டு, ஆலைச் சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்காதே."

"கேக்காதே" என்றாள்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"நீ என்ன கேக்கப்போறேன்னு தெரியும். கேக்காதே."

அண்ணன் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் போனதே போதுமானதாக இருந்தது.

அன்று இரவு படகுக்காரர் வந்து கைகால் கழுவினார். அவள் துண்டை எடுத்துக்கொண்டு போனாள். எப்போதும் கொடியில் கிடக்கும் துண்டு; அவரே எடுத்துக்கொள்வார். அவள் நீட்டினாள். நீட்டும்போது தேவைக்கு மேல் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டாள். டீசல் வாசம், வியர்வை, ஆற்று வாசம். வேறு ஒன்றும் இல்லை.

அவர் துண்டை வாங்காமல் அவளையே பார்த்தார்.

"இன்னும் கிட்ட வா" என்றார். "நல்லா மோந்து பாரு."

"சீ, நான் அதுக்கு வரலைங்க."

"பரவாயில்லை. பாத்துக்கோ."

சாப்பிட உட்கார்ந்தார்கள். சோற்றில் வைத்த முட்டையை அவர் பாதி சாப்பிட்டு, பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டார். மகளிடமிருந்து போன் வந்தது. அவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, அப்பா நல்லா இருக்காரா?"

"இருக்காரே. ஏன்?"

"இல்ல... இவரோட சித்தி பொண்ணு ஆலையில வேலை பாக்குதுல்ல, அது ஏதோ சொல்லுச்சாம்."

"என்ன சொல்லுச்சாம்?"

"விடும்மா. நீ பாத்துக்கோ."

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டைக் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் போனை வைத்தாள். கோபமாக வந்தது. மகள்மேலா, ஊர்மேலா, தன்மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை.

*

மறுநாள் தைத்து முடித்த சட்டைகளை அந்தக் கரைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. காலையிலேயே போயிருக்கலாம். வேண்டுமென்றே மத்தியானப் படகுக்குக் காத்திருந்து, இன்ஜின் பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

போகும்போது சரியாகப் போனது. சட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தாள். அவர் படகிலேயே, கூரையின் நிழலில், டிபன் பாக்ஸை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டார், கழுவினார், துணியை எடுத்து இன்ஜினைத் துடைத்தார். பச்சைக் கம்பிக் கதவு இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தினமும் இப்படித்தான் உட்காருவார் போல. அந்த இடத்தில் பலகை தேய்ந்து வழவழவென்று இருந்தது.

திரும்பும்போது ஷிப்டு முடிந்த கூட்டம். காற்று ஏறியிருந்தது. ஆற்றின் மேல் சின்னச் சின்ன வெள்ளைத் தலைகள். படகு ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த பக்கம் சாய்ந்து போனது. அவள் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை திசைச் சக்கரத்தில். இடது கை தொடையில். எதையும் தொடவில்லை, அசைக்கவில்லை. இன்ஜின் ஒரு முறை குரல் இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. மூச்சு வாங்குகிற ஆள் மாதிரி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நின்றது.

அவர் நிமிர்ந்து அவளைத்தான் பார்த்தார். 'பார்த்தாயா' என்ற பார்வை.

அவர் பம்பை அமுக்கினார். இந்தத் தடவை நுரை அடங்கவே இல்லை. முன்னால் கழியோடு நின்றவர்கள் ஒரு தூணைத் தள்ளித் தப்பித்தார்கள். அடுத்ததில் படகின் பின்பக்கம் போய் மோதியது. பெரிய மோதல் இல்லை. ஆனால் எழுந்து நின்றிருந்த பேக்கிங் அக்கா பெஞ்சின் மேல் கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு உடைந்த சத்தம் தனக்குக் கேட்டது என்று பக்கத்தில் இருந்தவள் பிறகு எல்லாரிடமும் சொன்னாள்.

பாலத்தைத் தாண்டிய பிறகுதான் இன்ஜின் பிடித்தது. கரையில் துறைக்காரர் நின்றிருந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். குத்தகை போய்விடும் என்ற பயம், யாராவது செத்துவிட்டால் என்ற பயம். கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க."

"நான் கூடவே இருந்தேன்" என்றாள் அவள். "அவர் ஒண்ணும் பண்ணலை. தானா நின்னுச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

"நீங்க வேற என்னம்மா சொல்லுவீங்க?" என்றார் துறைக்காரர். சத்தம்கூடப் போடவில்லை. ரொம்ப அலுப்பாகச் சொன்னார்.

படகுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் படியேறிப் போனார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதையும் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

*

அடுத்த நாள் காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போறீங்க?"

"சும்மா."

இத்தனை வருஷத்தில் அவர் சும்மா என்று எங்கேயும் போனதில்லை. அவள் தடுக்க வாயெடுத்தாள். தடுத்தால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று விட்டுவிட்டாள். நேராக அண்ணனின் பட்டறைக்குப் போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

"கிளம்பு."

"எங்கே?"

"நடு ஆத்துக்கு."

"ஏய், வேலை கெடக்கு..."

"அண்ணே, நேத்து நான் அந்த இன்ஜினுக்கு நேரா உக்காந்திருந்தேன். அவர் கையை அதுல வெக்கவே இல்லை. அது தானா செத்துச்சு. நீ இப்ப வரலைன்னா, இனிமே எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இருக்கான்னு நான் நெனைச்சுக்க மாட்டேன்."

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தரம் யோசித்து எழுந்தார்.

துறைக்காரர் சாவியை மெக்கானிக் கையில் கொடுத்தார். டீசல் தரமாட்டேன் என்றார். "ஓடாத படகுக்கு எதுக்கு டீசல்? இருக்கறதுல பாத்துக்குங்க." டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

"ரொப்பாம எப்படிப் பாக்கறது?" என்று முணுமுணுத்தார் அண்ணன்.

"கரைக்கு வர்ற அளவுக்கு இருக்குல்ல? போதும்" என்றாள் அவள்.

காற்று ஏறுகிறவரை கரையிலேயே காத்திருந்தார்கள். வேறு துறையிலிருந்து வாடகைக்கு வந்த சின்னப் படகு ஆட்களை அடைத்துக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டி வந்தவனே ஒரு நடைக்கு இடையில் இவர்களுக்காக வந்து சக்கரத்தைப் பிடித்தான். அண்ணன் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாத குறையாக உட்கார்ந்திருந்தார். நடு ஆற்றில் படகு சாயத் தொடங்கியதும், "இது இவ்வளவு ஆடும்னு யாருமே சொல்லலையே" என்றார்.

இன்ஜின் குரல் இறங்கியது.

அண்ணனின் முகம் மாறியது. பயம் எங்கே போனதோ. தலையைச் சாய்த்து, காதை இன்ஜின் பக்கம் கொடுத்தார். குரல் ஏறியது, இறங்கியது, நின்றது.

"காத்து இழுக்குது" என்றார் மெல்ல. "எங்கயோ காத்தை இழுக்குதும்மா."

சக்கரத்தில் இருந்தவன் நங்கூரத்தை இறக்கினான். அண்ணன் மண்டி போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு முழம் கண்ணாடி டியூபை எடுத்தார். உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டியூப். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வருகிற ஓஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதை மாட்டினார். பம்பை அடித்து இன்ஜினைக் கிளப்பினார். டியூபில் டீசல் மஞ்சளாக, ஒரே நீரோட்டமாகப் போனது.

"நல்லாத்தானே போகுது?" என்றாள்.

"இரு."

ஒரு அலை வந்தது. படகு வலதுபக்கம் சாய்ந்தது. டியூபுக்குள் ஒரு கொத்துக் குமிழி வந்து, உருண்டு, ஃபில்டருக்குள் போய் மறைந்தது. படகு நிமிர்ந்தது, குமிழி நின்றது. மறுபடி சாய்ந்தது, மறுபடி குமிழி. சாயும்போதெல்லாம் வந்தது. நாலாவது கொத்துக்கு இன்ஜின் திணறியது.

அண்ணன் டியூபை டேங்கிலிருந்து பிடுங்கி, ஒரு கேனில் இருந்த டீசலுக்குள் முக்கினார். அதற்குப் பிறகு எவ்வளவு சாய்ந்தும் ஒரு குமிழி வரவில்லை. இன்ஜின் நிற்கவில்லை.

"இன்ஜின்ல ஒண்ணுமில்லை. பம்புல ஒண்ணுமில்லை. டேங்குக்குள்ளதான் இருக்கு" என்றார்.

கரைக்கு வந்து டேங்கின் தலையில் இருந்த நட்டைக் கழற்றி, அடிவரை இறங்குகிற உறிஞ்சுகுழாயை மெதுவாக வெளியே இழுத்தார். பித்தளைக் குழாய். துடைத்துவிட்டு, ஒரு முனையை விரலால் அடைத்து, மறு முனையில் வாயை வைத்து ஊதினார். கன்னம் உப்பியது. குழாயின் நடுவில், பற்றவைத்த ஒட்டுக்குப் பக்கத்தில், தலைமுடி மாதிரி ஒரு விரிசல். டீசல் ஈரத்தில் அங்கே சின்னதாக ஒரு குமிழி ஊதியது, உடைந்தது, மறுபடி ஊதியது.

"பாத்தியா? டேங்க் நெறைஞ்சிருந்தா இந்த விரிசல் டீசலுக்குள்ள முங்கிக் கெடக்கும். காலையில ரொப்பிட்டு ஓட்டுறப்ப ஒண்ணும் ஆகாது. மத்தியானத்துக்குள்ள டீசல் பாதிக்கு வந்துடுது. காத்தும் அப்பத்தான் ஏறுது. படகு சாஞ்சா டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும். விரிசல் வெளிய தெரியும். டீசலுக்குப் பதிலா காத்தை உறிஞ்சிடும்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். குழாயை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"என்னண்ணே?"

"ரெண்டு தடவையும் நானே ரொப்பச் சொன்னேன். ரொப்பச் சொல்லிட்டு நானே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன். கூட வாங்க மச்சான்னு கெஞ்சினான். சிரிச்சுக்கிட்டுப் போயிட்டேன்."

அவளுக்கு அண்ணனைத் தேற்றத் தோன்றவில்லை. வீட்டுக்கு ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் துறைக்காரர் பார்க்காமல் போனால் நாளைக்கு, நீங்க வேற என்ன சொல்லுவீங்க என்பார். அவரைக் கூட்டிவர ஆள் போனது. அவர் வர நேரமாயிற்று. அண்ணன் ஊதிக் காட்டினார். துறைக்காரர் தானே வாய் வைத்து இன்னொரு முறை ஊதிப் பார்த்தார். உதட்டில் டீசலோடு, "அடப்பாவமே" என்றார். பிறகு குழாயைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதுக் குழாய் வெட்டி, வளைத்து, மாட்டி, ஒரு நடை போய்வந்து பார்த்தார்கள். பாதி டேங்கில், அதே காற்றில், படகு நிற்காமல் போய் வந்தது. "நாளைக்கு மத்தியானத்துலேருந்து அவரையே ஓட்டச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார் துறைக்காரர்.

விரிசல் விட்ட பழைய குழாயைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் படியேறினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கால்கள் லேசாக இருந்தன.

*

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. விளக்குப் போடவில்லை. அவர் சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பு காலில் இருந்தது. வாசலில் நின்றபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் போக வேண்டியிருக்கவில்லை.

அவள் எதிரே உட்கார்ந்தாள். குழாயைத் துணியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"என்ன அது?"

"டேங்குக்குள்ள இருந்த குழாய். நடுவுல விரிசல். அண்ணன் கண்டுபிடிச்சுட்டான். துறைக்காரரும் பாத்துட்டார். உங்கமேல ஒண்ணுமில்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

அவர் குழாயை எடுத்தார். இருட்டில் விரலாலேயே தடவிப் பார்த்தார். விரல் விரிசலில் நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றது.

"எப்போ தெரிஞ்சுது?" என்றார். நாக்கு தடித்திருந்தது.

"என்ன?"

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"மத்தியானம்."

"மத்தியானம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். "மத்தியானம் நான் அந்தக் கரையில பெஞ்சுல உக்காந்திருந்தேன். கடைக்கு எதிர்ல. காலையிலேருந்து உக்காந்திருந்தேன். உள்ள போகலை. ஆத்துல நம்ம படகைக்கூடப் பாத்தேன். நங்கூரம் போட்டு நின்னுக்கிட்டு இருந்துச்சு. மறுபடியும் நின்னுடுச்சு, அவங்களுக்கும் நின்னுடுச்சு, இப்பவாவது தெரியுமேன்னு நெனைச்சேன். யாராவது வந்து சொல்லுவாங்கன்னு பாத்தேன்." குழாயைத் தரையில் வைத்தார். "ரொம்ப நேரம் பாத்தேன்."

அவள் வாயைத் திறந்தாள். துறைக்காரர் வர நேரமாகிவிட்டது, புதுக் குழாய் வெட்ட வேண்டியிருந்தது, ஒரு நடை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது, எல்லாம் உங்களுக்காகத்தான். ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"எல்லாரும் குடிச்சிருக்கேன்னு சொல்றாங்க. குடிக்காம இருக்கறதுக்கு என்ன அர்த்தம்னு தோணிடுச்சு. அவ்வளவுதான்" என்றார். பிறகு அழுதார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கியது. அவள் எழுந்து போய் அவர் காலில் இருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள். இன்னொன்று எங்கே என்று கேட்கவில்லை. பாயைப் போட்டுப் படுக்கவைத்துவிட்டு, தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அண்ணன் வந்து தட்டினார். "தலைவலின்னு படுத்துட்டாருண்ணே" என்று கதவுக்கு உள்ளிருந்தே சொல்லி அனுப்பினாள். அவள் அவருக்காகப் பொய் சொன்னது அந்த ஒரு நாள்தான். குடித்த காலத்தில்கூட யாரிடமும் சொன்னதில்லை.

*

காலையில் அவர் எழுந்து குளித்தார். இரண்டு தடவை குளித்தார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார். அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள். மத்தியானப் படகுக்கு, "நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

துறையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அதெல்லாம் கேட்கிற பழக்கம் அங்கே கிடையாது. ஒருவர் அவருக்கு வழி விட்டார். இன்னொருவர் கயிற்றைத் தானே அவிழ்த்துக் கொடுத்தார். பேக்கிங் அக்கா கட்டுப்போட்ட கையோடு, சம்பளம் பிடித்துவிடுவார்களே என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வரக் கிளம்பியிருந்தாள்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு ஏறுறேன், பாத்து ஓட்டுங்கண்ணே" என்றாள். பிறகு, "வீட்டுல மருமகதான் ஊட்டிவிடுறா. அவளைப் பத்தி இனிமே ஒண்ணும் பேச முடியாது" என்றாள். சிலர் சிரித்தார்கள். அவரும் உதட்டை லேசாக அசைத்தார்.

நடு ஆற்றில் காற்று ஏறியது. படகு சாய்ந்தது. பேச்செல்லாம் நின்று, எல்லாரும் இன்ஜினையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஒரே குரலில் ஓடியது. தூண்கள் தூரத்திலேயே நின்றுகொண்டன. கரை வந்தது. "வர்றோம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

படகில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். ஷிப்டு விட அரை மணி நேரம் இருந்தது. அவள் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தாள். அவர் வழக்கமான இடத்தில், கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். மூடி வைத்தார். படிக்கட்டுக்கு மேலே கம்பிக் கதவை யாரோ இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. ஆனால் முதுகு அதைக் கேட்டது. அவள் பார்த்தாள்.

"நாளைக்கும் வர்றியா?" என்றார்.

"இன்ஜின்தான் சரியாயிடுச்சேங்க."

"இன்ஜின் சரியாயிடுச்சு."

அவர் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தார். ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் தைக்கக் கிடக்கும் சட்டைகள் அவள் நினைவுக்கு வந்தன. மிஷினைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கை வேலையை, பட்டனும் காஜாவும் மட்டும், எடுத்துக்கொண்டு வரலாம். மற்றதை ராத்திரி உட்கார்ந்து தைக்க வேண்டும். கண் வலிக்கும்.

"மத்தியானம் மட்டுமா, காலையிலயுமா?" என்று கேட்டாள்.

"மத்தியானம் மட்டும் வந்தா போதும்" என்றார். கொஞ்சம் கழித்து, அவள் முகத்தைப் பார்க்காமலே, "காலையிலயும் வந்தா நல்லது" என்றார்.

ஆலையில் சங்கு ஊதியது. படிக்கட்டில் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். அவள் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு இடம் விட்டாள்.